பச்சிளங்குழந்தை முதல் பெரியவர் வரை: மருத்துவ ஆய்வு பற்றி வராந்தாவில் கேட்ட கேள்விகள்

பதினோரு வருடம் ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஆய்வுச் செவிலியராக இருந்தேன். அப்புறம் நான்கு வருடம் பெரியவர்களுக்கான காசநோய் ஆய்வுகளில் வேலை. பாதி நேரம் எடை பார்ப்பது, ரத்தம் எடுப்பது, பதிவேடு எழுதுவது என்று போகும். மீதி நேரம் வராந்தா பெஞ்சில் குடும்பத்தோடு உட்கார்ந்து, "இந்த ஆய்வில் சேர உங்களுக்குச் சம்மதமா?" என்று விளக்கிக்கொண்டிருப்பேன். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்லியிருப்பதெல்லாம் இந்தியாவுக்கு உரியது. மற்ற நாடுகளில் விதிகள் வேறாக இருக்கும்.

ஆய்வு என்றால் எங்கள் பிள்ளையைச் சோதனை எலி ஆக்குவதுதானே?

இந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்?

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1940-களில் பணக்கார நாடுகளில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். மூச்சுவிடச் சிரமப்படும் குழந்தைக்குக் காற்று கொடுப்பதில் என்ன தப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தைகளில் பலருக்குக் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போனது. உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அளவில்லாத ஆக்சிஜன்தான் காரணம் என்பது 1953-54-இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து முறையான ஆய்வு நடத்திய பிறகே உறுதியானது. உடனே எல்லாரும் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். இப்போது மூச்சு போதாமல் குழந்தைகள் இறந்தார்கள். எந்த அளவு சரி என்பதை மறுபடி ஆய்வு செய்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2010-இல் 1,316 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு வரைக்கும் அந்தத் தேடல் நீண்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 முதல் 89 சதவீதத்தில் வைக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கண் பாதிப்பு குறைந்தது, ஆனால் இறப்பு கூடியது. இன்றைக்கு உங்கள் குழந்தையின் காலில் கட்டியிருக்கும் சிவப்பு விளக்குக் கருவி 90-க்குக் கீழே போனால் நர்ஸ் ஓடிவருவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சோதிக்காமல் கொடுக்கப்பட்ட வைத்தியமும் சோதனைதான். அங்கே கணக்கு எழுத ஆள் இல்லை, நடுவில் நிறுத்தச் சொல்லவும் ஆள் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

டாக்டருக்கு எது நல்லது என்று தெரியாதா? தெரியாமலா வைத்தியம் பார்க்கிறார்?

சில விஷயங்களில் தெரியாது. அதை வாய்விட்டுச் சொல்லும் டாக்டரை நான் கூடுதலாக நம்புவேன்.

பிறக்கும்போது அழாமல், மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பாதிக்கப்பட்ட குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வார்டுகளில் இது அரிதான விஷயம் இல்லை. இந்தக் குழந்தைகளின் உடம்பை 33.5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு 72 மணி நேரம் குளிர்வித்து வைத்தால் மூளைச் சேதம் குறைகிறது என்று 2005-இலிருந்து அமெரிக்கா, பிரிட்டன் ஆய்வுகள் காட்டின. அங்கே அதுவே வழக்கமான சிகிச்சையானது. இங்கேயும் பல மருத்துவமனைகள் அதைத் தொடங்கின. வெளிநாட்டில் வேலை செய்கிறது, இங்கே செய்யாதா என்ற எண்ணம்தான்.

அதைச் சோதிக்க 2015 ஆகஸ்ட் முதல் 2019 பிப்ரவரி வரை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஹீலிக்ஸ் என்று பெயர். சென்னையிலும் நடந்தது. மொத்தம் 408 குழந்தைகள். பாதிப் பேருக்குக் குளிர்விப்பு, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. 2021-இல் முடிவு வெளியானபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். இறப்பையும் மிதமான, கடுமையான ஊனத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு குழுவும் ஏறக்குறைய சமம், குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், மற்றவர்களில் 47 சதவீதம். அதாவது பயன் இல்லை, உயிருக்கு ஆபத்து கூடுதல்.

ஏன் இப்படி? இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குப் பாதிப்பு வரும் விதமும் நேரமும் அங்கிருப்பது போல இல்லாமல் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், அந்த 408 குடும்பங்கள் சம்மதிக்காமல் போயிருந்தால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே நாங்கள் குளிர்வித்துக்கொண்டிருந்திருப்போம். அந்த வார்டுகளில் வேலை செய்த எனக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை.

அப்படியென்றால் ஆய்வில் சேர்ந்தது அந்தக் குழந்தைகளுக்குத்தானே கெடுதல் ஆனது?

ஆமாம், குளிர்விப்புக் குழுவில் விழுந்த சில குழந்தைகளுக்கு அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். இதை மறைத்துப் பேசுவது தப்பு. ஆய்வு என்றாலே எல்லாருக்கும் நன்மை என்று சொல்லி உங்களைச் சேர்க்க வருகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சேரும் நாளில் எந்தப் பக்கம் நல்லது என்று உண்மையிலேயே யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. ஒரு பக்கம் மோசம் என்று தெரிந்தும் ஆய்வு நடத்தினால் அது குற்றம். ஹீலிக்ஸ் தொடங்கியபோது குளிர்விப்பு நல்லது என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்லியிருந்தன, நம் ஊரிலும் அப்படித்தானா என்பது யாருக்கும் தெரியாது.

எங்கள் குழந்தைக்கு என்ன வைத்தியம் என்பதைக் குலுக்கல் போட்டா முடிவு செய்வீர்கள்?

குலுக்கல் என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் மாறும். நாங்கள் சீல் வைத்த கவரோ கம்ப்யூட்டரோ பயன்படுத்துவோம், அது சொல்லும் பக்கம் குழந்தை போகும். டாக்டர் கையில் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரொம்ப மோசமாக இருக்கும் குழந்தைக்கு மனசு கேட்காமல் புது வைத்தியத்தைக் கொடுப்பார். கொஞ்சம் தேறிய குழந்தையைப் பழைய முறையிலேயே விடுவார். கடைசியில் புது வைத்தியம் பெற்றவர்களில் அதிகம் பேர் இறந்தால், வைத்தியம் கெட்டதா, குழந்தைகளே நோஞ்சானாக இருந்தார்களா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. குலுக்கல் போட்டால் எடை, மாதம், வீட்டு வசதி எல்லாம் இரண்டு பக்கமும் தானாகவே ஏறக்குறைய சமமாகிவிடும்.

எந்தக் குழுவில் விழுந்தாலும் சாதாரணமாகக் கிடைக்க வேண்டிய சிகிச்சை குறையக் கூடாது. இது உறுதியா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்குக் கொடுத்துப் பழகிய மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்தால் போதாதா? எதற்குக் குழந்தைகளிடம் ஆய்வு?

குளோரம்பெனிக்கால் என்று ஓர் ஆன்டிபயாட்டிக். பெரியவர்களின் டைபாய்டுக்கு அருமையாக வேலை செய்தது. 1950-களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுக்கவும் அதைக் கொடுத்தார்கள். குழந்தைகளின் வயிறு உப்பி, தோல் சாம்பல் நிறமாகி, இறந்துபோனார்கள். தொற்றில்தான் போனது என்று நினைத்தார்கள். 1959-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனை ஒன்றில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு வெளியானது. மருந்து கொடுத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், எந்த ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்காதவர்களில் ஐந்தில் ஒருவர். பச்சிளங்குழந்தையின் கல்லீரலால் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற முடியவில்லை. கொடுக்கக் கொடுக்க உடம்பிலேயே தேங்கி விஷமானது.

குழந்தை என்பது சின்ன அளவில் செய்த பெரியவர் இல்லை. பிறந்த முதல் வாரத்தில் ஒரு மாதிரி, மூன்றாவது மாதத்தில் ஒரு மாதிரி, பத்து வயதில் வேறு மாதிரி வேலை செய்யும் உடம்பு அது. குழந்தைகளிடம் ஆய்வே கூடாது என்றால், ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு வார்டிலும் குத்துமதிப்பாகவே அளவு போட வேண்டியிருக்கும்.

ஆய்வுக்காக ரத்தம் எடுத்து எடுத்துக் குழந்தை வெளிறிவிடாதா?

நியாயமான பயம். பாட்டிமார்கள்தான் முதலில் இதைக் கேட்பார்கள், அவர்கள் கேட்பது சரியும்கூட. ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்தமே 80, 90 மில்லி ரத்தம்தான் இருக்கும். ஒரு சின்ன டம்ளர் அளவு. அதனால் ஆய்வுக்காக எடுக்கும் ரத்தம் ஒரு தடவைக்கு மொத்த ரத்தத்தில் 1 சதவீதத்தையும் நான்கு வாரத்தில் 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு கிலோ குழந்தைக்கு அது ஒரு தடவைக்கு ஒரு மில்லிகூட வராது. எத்தனை தடவை, எத்தனை மில்லி என்று கேளுங்கள். படிவத்தில் அது எழுதியிருக்க வேண்டும். சிகிச்சைக்காக எப்படியும் எடுக்கும் ரத்தத்தோடு சேர்த்தே எடுப்பீர்களா, தனியாக ஊசி குத்துவீர்களா என்றும் கேளுங்கள். நல்ல ஆய்வுக் குழு முடிந்தவரை சேர்த்தே எடுக்கும்.

மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுவீர்களா?

அப்படிப்பட்ட மாத்திரை உண்டு, ஆனால் அதைச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. "உங்களுக்கு மருந்தும் கிடைக்கலாம், மருந்தில்லாத மாத்திரையும் கிடைக்கலாம், எது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது" என்று முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும். பலன் தரும் சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் கடுமையான நோய்க்கு அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை கொடுப்பது நெறி மீறல்.

கையெழுத்துப் போட்டாயிற்று. இனி வெளியே வர முடியாதா?

எப்போது வேண்டுமானாலும் வரலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வந்ததற்காக உங்கள் சிகிச்சையில் ஒரு சொட்டுகூடக் குறையக் கூடாது. "ஆய்விலிருந்து விலகினால் பெட் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் உடனே துறைத் தலைவரிடமோ, ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவிடமோ புகார் செய்யுங்கள். அந்தக் குழுவின் தொலைபேசி எண் ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும்.

ஒப்புதல் பற்றி நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மனைவி ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில், குழந்தை வெண்டிலேட்டரில். அந்தத் தகப்பனாரை வராந்தாவில் நிற்கவைத்து ஐந்து நிமிடத்தில் விளக்கிக் கையெழுத்து வாங்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே போட்டார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "அம்மா, அன்னைக்கு எதுக்குக் கையெழுத்து வாங்கினீங்க? ஆபரேஷனுக்கா?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. மறுபடி உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன், வேண்டாம் என்றால் விலகலாம் என்றும் சொன்னேன். அவர் தொடர்வதாகச் சொன்னார். ஆனால் அந்த முதல் கையெழுத்து கையெழுத்தே இல்லை. அதற்கப்புறம் விளக்கி முடித்ததும், "நான் என்ன சொன்னேன், நீங்கள் உங்கள் வீட்டம்மாவுக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர்கள் சொன்ன பிறகே பேனாவைக் கொடுப்பேன்.

அவசரச் சிகிச்சை ஆய்வுகளில் நேரம் கிடைக்காது என்பது உண்மை. மற்ற ஆய்வுகளில் ஒரு ராத்திரி யோசிக்க நேரம் கேளுங்கள். கையெழுத்தான படிவத்தின் பிரதி ஒன்று உங்களுக்குத் தந்தே ஆக வேண்டும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யார் கையெழுத்துப் போடுவது?

கைநாட்டு செல்லும். ஆனால் ஆய்வுக் குழுவோடு சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி, விளக்கும் நேரம் முழுக்கக் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். விளக்கமும் படிவமும் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு கேட்டால் கொடுக்காதீர்கள்.

குழந்தைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். தாத்தா, பாட்டி, தாய்மாமன் எல்லாரும் பக்கத்தில் இருந்து கேட்கலாம், கேட்பதே நல்லது. ஆனால் முடிவு பெற்றோருடையது. தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆண்கள் மட்டும் கூடிப் பேசிக் கையெழுத்திடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குழந்தையைச் சுமந்தவள் இரண்டு மாடி மேலே படுத்திருப்பாள். நான் படியேறிப் போய் அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். விதி எப்படி இருந்தாலும் இது என் வழக்கம்.

ஏழு வயது தாண்டிய பிள்ளைகளிடம், அவர்களுக்குப் புரியும் விதத்தில் சொல்லி அவர்கள் இசைவையும் கேட்க வேண்டும். 12 வயதுக்கு மேல் அதை எழுத்திலும் வாங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐ.சி.எம்.ஆரின் நெறிமுறை சொல்கிறது.

பெற்றோரைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2009-10-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்றில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளைச் சேர்த்தார்கள். பல சிறுமிகளுக்குப் பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். நடந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் இல்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் சம்மதம் வாங்கிய விதத்தை நாடாளுமன்றக் குழு 2013-இல் கடுமையாகக் கண்டித்தது. நல்ல தடுப்பூசி ஒன்றின் மேல் மக்களுக்கு வந்த சந்தேகம் பல வருடம் நீடித்தது.

ஆய்வில் ஏதாவது விபரீதம் நடந்தால்?

புதிய மருந்து மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் 2019-இல் வந்தன. அவற்றின்படி, பங்கேற்பவருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் இலவசச் சிகிச்சை தர வேண்டும். பாதிப்போ மரணமோ ஆய்வால் வந்தது என்று தெரிந்தால் நஷ்ட ஈடு தர வேண்டும். அதைக் கொடுப்பது ஆய்வுக்குப் பணம் போடும் ஸ்பான்சரின் பொறுப்பு. பெரிய பாதிப்பு எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் மேலே தெரிவிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனபிறகு ஏதாவது நடந்தாலும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பலர் பக்கத்து கிளினிக்கில் காட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

பணம் தருவார்களா?

பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, போன நாள் கூலி தரலாம். அதற்கு மேல் ஆசைகாட்டும் அளவுக்குக் கொடுக்கக் கூடாது. பங்கேற்பதற்கு உங்களிடம் பணம் கேட்டால் சேராதீர்கள்.

இதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள்? டாக்டரை டாக்டரே பார்த்துக்கொள்வதா?

நெறிமுறைக் குழு என்று ஒன்று உண்டு, வார்டில் எதிக்ஸ் கமிட்டி என்போம். குறைந்தது ஏழு பேர். அதில் சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும். நான் பார்த்த ஒரு குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்த இடத்தில் இருந்தார். "இந்த வாக்கியம் எனக்கே புரியவில்லை, பிரசவித்த பெண்ணுக்கு எப்படிப் புரியும்?" என்று படிவத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். அப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும்.

பெரிய ஆய்வுகளில் இன்னொரு குழுவும் இருக்கும். அது இடையிடையே கணக்கைப் பார்த்து, ஒரு பக்கம் தெளிவாக நல்லது அல்லது கெட்டது என்றால் நிறுத்தச் சொல்லும். கங்காரு தாய் கவனிப்பில் இது நடந்தது. அந்தக் கதையைச் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் ஒரு மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை. எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படும்படி கட்டி வைக்கத் தொடங்கினார். வசதி இல்லாததால் வந்த வழி. பிறகு அது உயிர் காக்கிறது என்று நிரூபணமானது. ஆனாலும் குழந்தை நிலைப்பட்ட பிறகே, அதாவது சில நாள் கழித்தே, தாயிடம் கொடுத்தார்கள். மோசமான நிலையில் இருக்கும் குழந்தையை எப்படித் தாயிடம் கொடுப்பது என்ற தயக்கம் எனக்கும் இருந்தது.

இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் பிறந்த உடனேயே தொடங்கிப் பார்த்தார்கள். ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். தாயின் கட்டிலையே தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவந்தார்கள். உடனே தொடங்கிய குழுவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம், தாமதமாகத் தொடங்கிய குழுவில் 15.7 சதவீதம். வித்தியாசம் தெளிவானதும் கண்காணிப்புக் குழு, இனிமேல் ஒரு குழந்தையையும் தாமதக் குழுவில் வைக்கக் கூடாது என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தியது. 2021-இல் முடிவு வந்தது. விலை உயர்ந்த மெஷின் ஒன்றும் இல்லை, தாயின் நெஞ்சுச் சூடுதான்.

பிரசவத்துக்கு முன்னால் எனக்கு நுரையீரல் ஊசி போட்டார்கள். அதுவும் ஆய்வா?

இல்லை, அது ஆய்வில் தேறி வந்த சிகிச்சை. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் செம்மறியாடுகளில் வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு கொடுத்த குறைமாத ஆட்டுக்குட்டி எதிர்பாராமல் மூச்சு விட்டது. அவரும் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து 282 தாய்மாரிடம் நடத்திய ஆய்வு 1972-இல் வெளியானது. ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறலும் இறப்பும் குறைந்தன. நம் போன்ற நாடுகளில் இது பயன் தருமா, கெடுதலா என்று பின்னாளில் ஒரு சந்தேகம் வந்தது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் 2,852 பெண்களிடம் மறுபடி பார்த்தார்கள். 2020-இல் வந்த முடிவில் குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்திருந்தது. குளிர்விப்பு இங்கே தோற்றது, இந்த ஊசி ஜெயித்தது. சோதிக்காமல் இரண்டையும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது.

பெரியவர்களிடம் நடக்கும் ஆய்வால் நம் ஊருக்கு என்ன கிடைத்தது?

சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் ஒரு சிறிய மையமாகத் தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்றார்கள். நெருக்கமான குடிசையில் இருக்கும் ஏழைக்கு அது எங்கே கிடைக்கும்? 193 நோயாளிகளை எடுத்து, குலுக்கலில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை வீட்டிலும் வைத்து, இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாத்திரைகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் வேலைக்கும் போனார்கள், சாப்பாடும் குறைவு. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களின் தேவையைக் குறைத்தது. இன்றைக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்க முடிகிறதென்றால், அதற்கு வழிவிட்டவர்கள் சென்னையின் அந்த 193 பேர்.

எல்லா ஆய்வும் இப்படி மகிழ்ச்சியாக முடிவதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி தடுப்பூசி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளைத் தடுப்பதால் பிறந்த உடன் இன்றும் போடுகிறோம். ஏமாற்றம்தான், ஆனால் தெரிந்துகொண்டதால் வேறு வழி தேடினார்கள். 2019-க்கும் 2022-க்கும் இடையில் ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளின் வீட்டில் இருந்த 10,345 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவின் வீட்டாருக்கு மாதம் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் காசநோய்க்குத் தடுப்பு மருந்து என்று எந்தப் பாட்டியும் சொல்வாள், ஆனால் எண்ணோடு சொன்னால்தான் அரசாங்கத்திடம் கேட்க முடியும்.

கொரோனா நேரத்தில் பிளாஸ்மாவுக்கு அலைந்தோமே. அதற்கும் ஆய்வு நடந்ததா?

நடந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஐ.சி.எம்.ஆர் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தியது. பிளாஸ்மா கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இறப்பில் வித்தியாசம் இல்லை என்று அந்த வருடம் அக்டோபரிலேயே வெளியிட்டார்கள். ஆனாலும் சிகிச்சைப் பட்டியலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே மாதம்தான். அதற்குள் இரண்டாம் அலை வந்து, "ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்" என்று வாட்ஸ்அப்பில் எத்தனை குடும்பங்கள் இரவெல்லாம் அலைந்தன. கடைசி நேரத்தில் நோயாளியின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய மகன் ரத்த வங்கி வாசலில் நின்றான். ஆய்வு நடத்துவதோடு வேலை முடிவதில்லை, முடிவை வார்டு வரைக்கும் கொண்டுசேர்க்க வேண்டும்.

அதே 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு, விலை மலிவான டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, கொரோனாவால் வெண்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியது. அது சில வாரங்களிலேயே நம் மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தது.

சம்மதிப்பதற்கு முன் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

படிவத்தை வைத்துக்கொண்டு இவற்றையாவது கேளுங்கள். இதில் சேராவிட்டால் என் குழந்தைக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? இதில் உங்களுக்குத் தெரியாதது எது? இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், என்ன ஆனது? எத்தனை முறை வர வேண்டும், எத்தனை மாதம்? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது? பணம் போடுவது யார்? இரண்டாவது கேள்விக்குத் திணறாமல், மழுப்பாமல் பதில் சொல்கிறவரோடு தைரியமாகப் பேசலாம்.

அப்புறம் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் 2007 முதல் மருத்துவ ஆய்வுகளுக்குப் பொதுப் பதிவேடு இருக்கிறது, சி.டி.ஆர்.ஐ என்பார்கள். 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த மருத்துவமனை, எந்த நெறிமுறைக் குழு, எத்தனை பேர், எதை அளக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆய்வு முடிந்தபிறகு என்ன தெரிந்தது என்று எங்களுக்குச் சொல்வார்களா?

சொல்ல வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் சொல்வதில்லை, எங்கள் துறையில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். முடிவு ஆங்கில இதழில் வரும், மாநாட்டில் பேசுவார்கள். ரத்தம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு போன்கூடப் போகாது. அதனால் சேரும் நாளிலேயே, "முடிவு வந்ததும் தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புவீர்களா?" என்று கேட்டு, அதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். போன் நம்பர் மாறினால் ஆய்வுச் செவிலியரிடம் புது நம்பரைக் கொடுங்கள். நாங்கள் கூப்பிடும்போது பாதி எண்கள் அணைந்தே கிடக்கும்.

கடைசியாக வேலை பார்த்த ஆய்வில் நாங்கள் சில பேர் சேர்ந்து அப்படி ஒரு பக்கத்தை எழுதி, தபாலில் போட்டோம். எழுபது கவர்களில் பத்தொன்பது முகவரி மாறியதால் திரும்பி வந்தன. ஒரு தாய் அந்தக் காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தாள். "இதுல எங்க பாப்பா எந்தக் குழுவுல இருந்தா?" என்று கேட்டாள். பதிவேட்டை எடுத்துப் பார்த்துச் சொன்னேன்.